ஆந்தையைப் பார்க்க ஒரு கூட்டம்!

நியூயார்க் நகரத்தின் நடுவே ஒரு பெரிய பூங்கா. பனிக்காலத்துக் காலை நேரம். புல்தரை தெரியவில்லை. எங்கும் ஒரே வெள்ளை. மூச்சு விட்டால் புகை போல வருகிறது.

அந்தக் குளிரில், ஒரு பைன் மரத்துக்குச் சற்றுத் தள்ளி, பத்து இருபது பேர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். வயதானவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் நின்றவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் தோள் மேல் ஏறி உட்கார்ந்த குழந்தையும் இருக்கிறது. யாரும் பேசவில்லை.

மேலே என்ன?

ஓர் ஆந்தை! ஒரு சாண் உயரம்கூட இராது. அடர்ந்த கிளைக்குள் ஒண்டிக்கொண்டு, கண்ணை மூடித் தூங்குகிறது.

தூங்கும் ஆந்தையைப் பார்க்கவா இத்தனை பேர்? ஆம்! குளிர்காலம் வந்துவிட்டால் அந்தப் பூங்காவில் இது வழக்கமான காட்சி.

தமிழ்நாட்டில் ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று சொல்லும் பாட்டிமார்கள் இன்றும் உண்டு. அந்த ஊரிலோ, ஆந்தை வந்துவிட்டது என்றால் வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல மகிழ்ச்சி.

இது நல்ல ஆசைதான். ஆனால் ஆசை மட்டும் போதுமா? போதாது. நியூயார்க் நகரம் இரண்டு ஆந்தைகளைப் பறிகொடுத்த பிறகுதான் இதை நன்றாக உணர்ந்தது.

843 ஏக்கர் பூங்கா

அந்தப் பூங்காவின் பெயர் சென்டிரல் பார்க். பரப்பு 843 ஏக்கர். நீளம் இரண்டரை மைல், அகலம் அரை மைல். நாலு பக்கமும் வானளாவிய கட்டடங்கள். நடுவில் மட்டும் மரம், புல், ஏரி, பாறை.

1858-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் போட்ட திட்டப்படி இது உருவானது. அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பூங்காவின் மேற்குப் பாதை ஓரமாக, எக்காலமும் பசுமையாக இருக்கும் மரங்களை வரிசையாக நடச் செய்தார்கள். பனிக்காலத்தில் குதிரை வண்டியில் உலா வருகிறவர்களின் கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை தெரியட்டும் என்பதே நோக்கம். அந்தப் பாதைக்குக் 'குளிர்காலப் பாதை' என்றே பெயர்.

காலப்போக்கில் அந்த மரங்களில் பல மறைந்தன. 1971-ஆம் ஆண்டில் ஆர்தர் ராஸ் என்ற செல்வந்தர் முன்வந்தார். தம் செலவில் அங்கே ஒரு பைன் தோப்பை உண்டாக்கினார். அப்போது அவருக்கு வயது 60!

அறுபது வயதில் ஒருவர் பைன் கன்று நடுகிறார் என்றால் அதன் நிழலில் உட்கார அல்ல. பின்னால் வருகிறவர்களுக்காக நடுகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கன்றுகள் இன்று பெரிய மரங்கள். அந்தத் தோப்பில் பல நாட்டுப் பைன் மரங்கள் நிற்கின்றன. இமயமலைப் பைன்கூட உண்டு.

மரமா, வீடா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்கள் பைன் மரத்தைப் பார்த்திருப்பார்கள். இலை ஊசி ஊசியாக இருக்கும். தூரத்தில் பார்த்தால் சவுக்கு போலத் தோன்றும். ஆனால் சவுக்கு வேறு, பைன் வேறு.

குளிர் நாடுகளில் பல மரங்கள் பனிக்காலத்துக்கு முன்பே இலைகளை உதிர்த்துவிடும். வெறும் குச்சிகள்தான் நிற்கும். அந்தக் குச்சியில் ஒரு பறவை உட்கார்ந்தால் காற்று அடிக்கும், பனி கொட்டும், பருந்தின் கண்ணிலும் பட்டுவிடும்.

பைன் மரமோ இலையை ஒரேயடியாக உதிர்ப்பதில்லை. பனிக்காலத்திலும் அடர்த்தியாக நிற்கும். அதன் கிளை பறவைக்குக் கூரை. அடர்ந்த ஊசி இலை சுவர். செதில் செதிலான காய்க்குள் இருக்கும் விதை சாப்பாடு. பட்டையின் இடுக்கில் ஒளிந்திருக்கும் பூச்சியும் பூச்சி முட்டையும் பலகாரம்!

ஆனால் ஒன்று. இடுப்பளவுக் கன்றில் இந்த வசதி எதுவும் இல்லை. மரம் உயர வேண்டும். கிளை தடிக்க வேண்டும். காய் காய்க்க வேண்டும். அதற்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும்.

அதனால்தான், "ஒரு மரத்தை வெட்டினால் என்ன, பத்துக் கன்று நட்டுவிடுகிறோம்" என்று சொல்வது கணக்குக்குச் சரி, பறவைக்குச் சரியில்லை. வீட்டை இடித்துவிட்டுப் பத்துச் செங்கல்லைக் கையில் கொடுத்தால், அன்று இரவு எங்கே படுப்பது?

ஆறு கிராம் உயிர்

இந்த மரங்களை நம்பி வாழும் பறவைகளில் மிகச் சிறியது ஒரு பொன்முடிக் குருவி. தலையில் தங்கக் கோடு போட்டது போல மஞ்சள் பட்டை இருக்கும். எடை ஐந்து ஆறு கிராம். ஏறக்குறைய ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம்!

டிசம்பர் மாதத்தில் நியூயார்க்கில் பகல் ஒன்பது மணி நேரம்தான். இரவு பதினாலு மணி நேரத்துக்கு மேல் நீளும். அந்த ஒன்பது மணி நேரத்துக்குள், நீண்ட இரவைத் தாங்கும் அளவுக்கு இந்தக் குருவி தின்று தீர வேண்டும். அதனால் அது ஒரு நொடி சும்மா இராது. கிளைக்குக் கிளை தாவி, ஊசி இலைகளுக்குள் புழுவைத் தேடும். இரவு வந்தால் இரண்டு மூன்று குருவிகள் உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு உட்காரும். ஒன்றின் சூடு மற்றொன்றுக்குக் காவல்.

இன்னொரு குருவிக்கு அலகின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போகும். பார்த்தால் பிறவிக் கோளாறு என்று தோன்றும். கோளாறு அல்ல. பைன் காயின் செதிலை நெம்பி விதையை எடுக்க அதுதான் சரியான ஆயுதம்! வடக்குக் காடுகளில் காய் விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் இந்தக் குருவிகள் தெற்கே வரும். நகரத்துப் பைன் மரங்கள் அப்போது அவற்றுக்குச் சத்திரம்.

ஆந்தையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆந்தைகளுக்கு வருவோம். அந்தப் பூங்காவுக்கு வரும் சின்ன ஆந்தை ஒன்று. ரம்பத்துக்குச் சாணை பிடிப்பது போல அதன் குரல் இருக்கும் என்று அதற்கு ரம்ப ஆந்தை என்று பொருள்படும் பெயர். மற்றொன்று நீண்ட காது ஆந்தை. தலையில் இரண்டு காது போலத் தெரியும். உண்மையில் அவை காதுகள் அல்ல, இறகுக் குஞ்சங்கள்.

ஆந்தை பகலில் தூங்கும். மரப்பட்டையின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. பக்கத்தில் நின்றாலும் தெரியாது. பழகியவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை. முதலில் தரையைப் பார்க்கிறார்கள்.

மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை எச்சம் கிடக்கிறதா? சாம்பல் நிறத்தில் விரல் நீள உருண்டை கிடக்கிறதா? அப்படியானால் மேலே ஆந்தை இருக்கலாம். ஆந்தை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டை ஓடு அப்படியே இருக்கும். ஆந்தை முந்திய இரவில் என்ன சாப்பிட்டது என்பதற்கு அதுவே ரசீது!

காக்கைகளும் துப்புச் சொல்லும். ஒரு மரத்தைச் சுற்றி அவை கூட்டமாகக் கத்தினால், உள்ளே ஆந்தை அகப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

துப்பாக்கி போய் நோட்டுப் புத்தகம் வந்தது

இன்று பறவைக்காகக் குளிரில் நிற்கும் இதே ஊர், ஒரு காலத்தில் பறவையைத் தலையில் சூடிய ஊர்.

1886-ஆம் ஆண்டு. பிராங்க் சாப்மன் என்ற இளைஞர் நியூயார்க்கின் கடைத்தெருவில் இரண்டு முறை நடந்து, பெண்களின் தொப்பிகளை எண்ணினார். மொத்தம் 700 தொப்பிகள். அவற்றில் 542 தொப்பிகளில் பறவை இறகு! இறகு மட்டும் அல்ல, சிறகு, வால், முழுப் பறவைகூட இருந்தது. 40 இனங்களை அவர் அடையாளம் கண்டார். குருவி, மரங்கொத்தி, காடை, கடற்பறவை... அந்தப் பட்டியலில் ஒரு சின்ன ஆந்தையும் இருந்தது. இன்று பைன் மரத்தில் தூங்குகிறதே, அதே ஆந்தை!

அக்காலத்தில் கிறிஸ்துமஸ் நாளில் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். துப்பாக்கியோடு காட்டுக்குப் போவார்கள். கண்ணில் பட்டதை எல்லாம் சுடுவார்கள். எந்தக் கட்சியின் குவியல் பெரிதோ அந்தக் கட்சிக்கு வெற்றி.

சாப்மன் இதற்கு ஒரு மாற்று வழி சொன்னார். "சுடாதீர்கள், எண்ணுங்கள்" என்பதே அந்த வழி. 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 27 பேர், 25 இடங்களில், பறவைகளை எண்ணினார்கள். அந்த இடங்களில் சென்டிரல் பார்க்கும் ஒன்று.

வெறும் 27 பேர் தொடங்கிய அந்தக் காரியம் இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை பல நாடுகளில் பல்லாயிரம் பேர் எண்ணுகிறார்கள். எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்பதை அந்தக் கணக்கு சொல்கிறது. சம்பளம் இல்லை, பரிசு இல்லை. குளிரில் நடப்பதுதான் மிச்சம். ஆனாலும் வருகிறார்கள்.

ஒரு கெட்ட வழக்கத்தைத் திட்டி ஒழிப்பது கடினம். அதன் இடத்தில் ஒரு நல்ல வழக்கத்தை வைப்பது சுலபம். சாப்மன் செய்தது அதுதான்.

பாரி என்ற ஆந்தை

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கொரோனாவால் ஊர் முடங்கிக் கிடந்த காலம். பூங்காவுக்கு ஒரு பெண் ஆந்தை வந்தது. உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு. அந்த இனத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி மக்கள் அதற்குப் 'பாரி' என்று பெயரிட்டார்கள். ஊசியிலை மர இனமான ஒரு ஹெம்லாக் மரம் அதற்குப் பிடித்தமான இடம். வீட்டுக்குள் அடைந்து கிடந்து மனம் நொந்த பலருக்கு அந்த ஆந்தை ஆறுதல் தந்தது. தினமும் அதைப் பார்க்க வந்தார்கள்.

2021 ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன் பூங்காவின் பராமரிப்பு வண்டி ஒன்றில் மோதிப் பாரி இறந்தது.

தமிழருக்குப் பாரி என்றதும் முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்த வள்ளல்தான் நினைவுக்கு வருவான். அந்தப் பாரி கொடிக்காக வண்டியைக் கொடுத்தான். இந்தப் பாரியின் உயிரை ஒரு வண்டி எடுத்தது.

வண்டி மட்டும்தானா? ஆந்தையின் உடலைச் சோதித்தார்கள். உள்ளே எலி விஷம்! உயிரைப் போக்கக்கூடிய அளவுக்கு இருந்தது.

பிளாக்கோவின் கதை

2023 பிப்ரவரி 2-ந் தேதி இரவு, அதே பூங்காவில் உள்ள மிருகக்காட்சிசாலையின் கூண்டு வலையை யாரோ வெட்டிவிட்டார்கள். 'பிளாக்கோ' என்ற பெரிய ஆந்தை வெளியே வந்தது. சிறகை விரித்தால் ஆறு அடி. குஞ்சாக வந்த நாள் முதல் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூண்டிலேயே வளர்ந்த பறவை. இது இரை பிடிக்கத் தெரியாமல் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று பலரும் பயந்தார்கள்.

பிளாக்கோ சாகவில்லை. சில நாட்களிலேயே எலி பிடிக்கக் கற்றுக்கொண்டது! ஓராண்டு காலம் நகரத்தின் மேல் ராஜாவாகப் பறந்தது.

2024 பிப்ரவரி 23-ந் தேதி அது ஒரு கட்டடத்தின் பக்கத்தில் விழுந்து கிடந்தது. கட்டடத்தில் மோதிய காயம் இருந்தது. சோதனையில் மேலும் இரண்டு தெரிந்தன. புறாக்களைத் தின்றதால் தொற்றிய நோய் ஒன்று. எலி விஷம் மற்றொன்று. ஒரு விஷம் அல்ல, நாலு வகை! மோதாமல் இருந்திருந்தாலும் அது பிழைத்திருப்பது அரிது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

பிளாக்கோவுக்குப் பிடித்த ஓக் மரத்தடியில் மக்கள் பூவும் கடிதமும் வைத்தார்கள். குழந்தைகள் படம் வரைந்து வைத்தார்கள்.

எலிக்கு வைத்தது எப்படி ஆந்தைக்கு?

இந்த விஷம் எலியை உடனே கொல்லாது. ரத்தம் உறையாதபடி செய்யும். உள்ளுக்குள்ளே ரத்தம் கசிந்து எலி சாக நாலைந்து நாள் ஆகும். அதற்குள் அது மேலும் மேலும் விஷத்தைத் தின்னும். பிறகு தள்ளாடும். ஓட முடியாது. ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது?

இப்படிப் பல எலிகளின் விஷம் ஓர் ஆந்தையின் உடம்பில் சேர்கிறது. விஷம் வைத்தவருக்கு ஆந்தை மேல் பகை இல்லை. ஆனாலும் ஆந்தை சாகிறது. வேடிக்கை என்னவென்றால், சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கும் காவல்காரனே ஆந்தைதான்! காவல்காரனுக்கு விஷம் வைத்துவிட்டுத் திருட்டு குறையவில்லையே என்று ஏங்கினால் என்ன பயன்?

நியூயார்க் நகரசபை விழித்துக்கொண்டது பாராட்டத்தக்கது. 2024 செப்டம்பரில் பிளாக்கோவின் பெயரால் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். விஷத்துக்குப் பதிலாக, எலிகளுக்குக் கருத்தடை மருந்து கலந்த உருண்டையை வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கான சட்டம் அது. அதே ஆண்டில் கடைகளும் சிறிய வீடுகளும் குப்பையை மூடி போட்ட தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இதுவே சரியான வைத்தியம். சாப்பாடு கிடைக்காவிட்டால் எலி பெருகாது. எலி பெருகாவிட்டால் விஷம் தேவை இல்லை.

பார்க்கிறவர்களின் கடமை

நகரசபை செய்ய வேண்டியது ஒரு பாதி. பார்க்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது மறு பாதி.

ஆந்தைக்குப் பகல்தான் இரவு. மரத்தடியில் கூட்டம் கூடிச் சத்தம் போட்டால் அது விழித்துக்கொள்ளும். நீண்ட காது ஆந்தை பயந்தால் உடம்பை ஒல்லியாக நீட்டி ஒரு குச்சி போல நிற்கும். 'போஸ் கொடுக்கிறது' என்று சிலர் போட்டோ எடுப்பார்கள். அது போஸ் அல்ல. பயம்!

இன்னும் கிட்டே போனால் பறந்துவிடும். பட்டப்பகலில் பறந்தால் காக்கைகள் துரத்தும். பருந்து பார்த்துவிடும். இரவுக்காகச் சேமித்த சக்தி வீணாகும். குளிர்காலத்தில் வீணான சக்தியைத் திரும்பச் சம்பாதிப்பது லேசான வேலை அல்ல. ஒரு போட்டோவுக்காக ஓர் உயிர் கொடுக்கும் விலை அது.

ஆகவே தள்ளி நிற்க வேண்டும். மெல்லப் பேச வேண்டும். கைபேசியில் ஆந்தையின் குரலைப் போட்டுக் கூப்பிடக் கூடாது. முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. கிளையை ஒடித்து வழி உண்டாக்கக் கூடாது. ஆந்தை எந்த மரத்தில் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் உடனே தண்டோரா போடவும் கூடாது. நூறு பேர் வந்தால் அதற்குத் தூக்கம் போகும்.

பறவையைப் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். படிப்பு வேண்டாம். பைனாகுலர்கூட இல்லாமல் தொடங்கலாம். பொறுமைதான் வேண்டும். அந்தப் பொறுமையைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுப்பதைவிட மரத்தடியில் கற்றுக்கொடுப்பது சுலபம்.

ஊரை ஆள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நகரத்தின் நடுவே ஒரு முதிர்ந்த மரம் நிற்கிறது என்றால், அந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று நினைக்கக் கூடாது. அங்கே குடித்தனம் நடக்கிறது. வாடகை வாங்காமல் இடம் கொடுக்கும் அந்த வீட்டை இடிக்கும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும். கன்று நடுகிறவர்கள் நடட்டும். அது மிக அவசியம். ஆனால் அந்தக் கன்று வளர்ந்து ஆந்தைக்கு இடம் கொடுக்கும் வரை பழைய மரம் நின்றாக வேண்டும்.

அப்பாவின் தோளில் இருந்து குழந்தை இறங்குகிறது. கூட்டம் கலைகிறது. அப்போதும் அந்தப் பைன் மரத்தில் ஆந்தை கண் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தால், பார்த்தவர்கள் நல்லபடியாகப் பார்த்தார்கள் என்று பொருள்.